ஆண்டின் கடைசியில் பிறந்த பிள்ளைகள்

'டிராவல் சாக்கர்' என்னும் சொற்சேர்க்கையை எப்படித் தமிழாக்குவது என்று நாங்கள் சில காலம் யோசித்ததுண்டு. 'பயணக் கால்பந்து' என்றால் சுற்றுலா போலத் தொனிக்கிறது. 'வெளியூர்க் கால்பந்து' என்றால் பொருள் ஓரளவு வருகிறது. ஆனால் அதிலுள்ள வேலியும் வாயிற்காவலும் விடுபட்டுப் போகின்றன. அமெரிக்கச் சிறுநகரங்களில் பந்து உதைக்க ஆசைப்படும் குழந்தை முதலில் சேர்வது 'ரெக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொழுதுபோக்கு ஆட்டத்தில்தான். அங்கே தேர்வு கிடையாது. யாராவது ஒரு பிள்ளையின் தகப்பனோ தாயோ பயிற்சியாளர். ஆட்டம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். 1964இல் கலிஃபோர்னியாவின் டோரன்ஸ் நகரில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்னும் இளையோர் கால்பந்து அமைப்பு, 'எல்லோரும் ஆடுவார்கள்' என்பதையே தன் முதற்கொள்கையாக வைத்தது. எவ்வளவு சோப்ளாங்கியானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி ஆட்டமாவது உறுதி. எட்டு வயதை ஒட்டி இந்த உலகம் இரண்டாகப் பிளக்கிறது. பொறுக்கியெடுத்த பிள்ளைகள், சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், பக்கத்து ஊர்களுக்கும் சில வேளைகளில் பக்கத்து மாநிலங்களுக்கும் காரில் போய் ஆடும் அணி. அதுவே டிராவல்.

நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, தமிழ்நாட்டில் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்கள். இவர்களுக்கும் கால்பந்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தங்கை நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுப்பகுதியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக வாழ்கிறாள். அவள் வீட்டில் 2019 கோடை விடுமுறையில் ஐந்து வாரமும், 2025 ஆகஸ்டு, செப்டம்பரில் ஈட்டிய விடுப்பெடுத்து ஐந்து வாரமும் தங்கினோம். அந்த இரண்டு தங்கல்களுக்கும் நடுவே எங்கள் மருமகனின் பிள்ளைப்பருவம் ஏறக்குறைய முழுவதும் ஓடி முடிந்துவிட்டது. பந்தின் பின்னால் ஓடி முடிந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

2019 மே மாதம் நாங்கள் போய் இறங்கிய வாரமே அவனுக்கு டிராவல் அணிக்கான தேர்வு. அவனுக்கு எட்டரை வயது. மார்பில் ஊசியால் குத்திய எண் அட்டை. ஓர் அணிக்கு ஏழு பேராகப் பிரித்துவிட்ட சிறிய ஆடுகளங்கள். கையில் அட்டைப்பலகையோடு நடந்து நடந்து குறிப்பெடுக்கும் மூவர். ஓரத்தில் மடக்கு நாற்காலிகளில் பெற்றோர். ஆற்றுப்படை நூல்களைப் பாடம் நடத்தும்போது, பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளல் இருக்குமிடத்தை வழிசொல்லி அனுப்புவான் என்று மாணவர்க்கு விளக்குவோம். அந்த நாற்காலிகளில் நடந்துகொண்டிருந்ததும் அச்சு அசலாக அதுதான். மூத்த பிள்ளையை இதே வழியில் நடத்திக் கூட்டிப்போன தாய் ஒருத்தி, புதிதாக வந்த தாய்க்கு எந்த க்ளப்பில் எந்தப் பயிற்சியாளர் நல்லவர், எந்த ஊர்க் கோடைமுகாம் காசுக்குத் தகும், எத்தனை வயதில் எந்தப் படிக்கு ஏற வேண்டும் என்று வழி விரித்துக்கொண்டிருந்தாள். ஒரேயொரு வேற்றுமை. பாணர்கள் பரிசில் பெறுவதற்காக நடந்தார்கள். இந்தப் பிள்ளைகள் பரிசில் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள்.

மருமகனுக்கு இரண்டாம் அணியில் இடம் கிடைத்தது. அதே அணியில், இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பையனுக்கும் கிடைத்தது. அவன் தந்தை சிறுவயதில் போலந்திலிருந்து பெற்றோருடன் குடியேறியவர், மின்பணியாளர். அந்த வாரமே இரண்டு வீட்டுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. பயிற்சிக்குக் கூட்டிப்போவது ஒரு வீடு, திரும்பக் கூட்டிவருவது மறுவீடு. 'கார்பூல்' என்பார்கள். தங்கை கணவர் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணையை ஒட்டினார். 2025இல் போனபோதும் அதே இடத்தில் அதே காந்தத்தின் கீழ் வேறோர் அட்டவணை இருந்தது.

செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை கணக்கு எழுதி வைக்கிறவர். க்ளப் கட்டணம் ஆண்டுக்கு 2,400 டாலர். சீருடை, காலணி தனி. நீண்ட வார இறுதிகளில் நடக்கும் போட்டிகளுக்கு விடுதி, பெட்ரோல் தனி. "மச்சான், ஒரு கார் வாங்கியிருக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்கள் வீட்டில் அது முடியும். முடியாத வீடுகளின் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது அந்த நாட்டில் பழைய கேள்வி. 2017 அக்டோபர் 10 அன்று அமெரிக்க ஆடவர் அணி டிரினிடாட் டொபேகோவிடம் 2-1 என்று தோற்று, 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் போன இரவுக்குப் பிறகு அந்தக் கேள்வி மீண்டும் உரக்கக் கேட்கப்பட்டது.

ஐரோப்பாவின் பெரிய க்ளப்புகள் சிறுவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி அளிப்பதற்குக் காரணம் தர்மசிந்தனையன்று. பத்துப் பையன்களில் ஒருவன் தேறினால் அவனை வேறொரு க்ளப்புக்கு விற்றுப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம். சர்வதேச விதியே அதற்கு வகை செய்திருக்கிறது: ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரன் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, பன்னிரண்டு வயதிலிருந்து அவனை வளர்த்த க்ளப்புகளுக்குப் பங்கிடப்பட வேண்டும். அமெரிக்காவில் இந்த விதி நீண்டகாலம் நடைமுறைக்கு வரவேயில்லை. 2019இல்தான் அந்நாட்டின் தலைமை லீக், தன் க்ளப்புகள் வளர்த்த வீரர்களுக்கு இப்பங்கைக் கேட்கப்போவதாக அறிவித்தது. வளர்த்தவனுக்கு நாளை பங்கு இல்லையென்றால் இன்றே கூலி வாங்கிக்கொள்வான். அந்தக் கூலியைத் தருபவர் தகப்பனார்.

கிளின்ட் டெம்ப்சியின் கதையை மாப்பிள்ளைதான் சொன்னார். பின்னர் நாங்களும் தேடிப் படித்தோம். டெக்சாஸின் நாகடோச்சஸ் என்னும் சிற்றூரில், நடமாடும் வீடுகள் நிறுத்தும் வளாகத்தில் வளர்ந்த பையன். ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளோடு ஆடி ஆட்டம் கற்றவன். டல்லாஸ் நகர க்ளப் ஒன்றில் இடம் கிடைத்தபோது பெற்றோர் மணிக்கணக்காகக் கார் ஓட்டிக் கூட்டிப்போனார்கள். அக்காளின் டென்னிஸ் பயிற்சிக்கும் இவன் கால்பந்துக்கும் சேர்த்து ஈடுகொடுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். சக வீரர்களின் பெற்றோர் செலவுக்குக் கைகொடுத்தார்கள். 1995இல் அந்த அக்காள் பதினாறு வயதில் மூளை இரத்தநாள வெடிப்பால் இறந்துபோனாள். டெம்ப்சி பின்னாளில் நாட்டுக்காக 57 கோல் அடித்தார். மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்தவர். இதை முயற்சி திருவினையாக்கும் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அது ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளில் யாருக்குச் செலவழிப்பது என்று தராசு பிடித்த தாய் தகப்பனின் கதையாகவே தோன்றுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2019இல் ஒரு நாள் மாப்பிள்ளை எங்களைக் கியர்னி என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். நியூவர்க் நகரத்தை அடுத்து, பசைக் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஆலை ஊர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துக் கிளார்க் குடும்பம் அங்கே நூலாலை வைத்தது. ஆலைக்கு வந்த ஸ்காட்லாந்துத் தொழிலாளர்கள் பந்தையும் உடன் கொண்டுவந்தார்கள். ஆலையின் நூல்வகை ஒன்றின் பெயரையே சூடிக்கொண்ட ஓ.என்.டி. அணி 1885, 1886, 1887 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கக் கோப்பையை வென்றது. நூறாண்டு கழித்து, 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக்கு நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் அமெரிக்கா தகுதி பெற்றபோது, அந்த அணியில் ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா, டாப் ராமோஸ் மூவரும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவர்கள். ஹார்க்ஸும் மியோலாவும் கியர்னி உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடியவர்கள். ஒரு தெருவில் நிறுத்தி, "இங்கெல்லாம் காசு கட்டியா கத்துக்கிட்டாங்க?" என்றார் மாப்பிள்ளை. பின்னிருக்கையில் மருமகன் உறங்கிக்கொண்டிருந்தான். அன்று காலை அவனுக்கு ஒரு போட்டி இருந்தது.

இனி இந்தக் கட்டுரைக்குத் தலைப்புத் தந்த விஷயத்துக்கு வருவோம். அது கேட்பதற்கு அலுவலக விதி போன்ற உலர்ந்த சங்கதி. ஆனால் இரண்டு பையன்களின் வாழ்க்கையில் அது செய்த வேலையை அருகிருந்து பார்த்தோம்.

மருமகன் பிறந்தது 2010 நவம்பர். அவன் நண்பன் பிறந்தது அதே ஆண்டு டிசம்பர். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் ஓர் அறிவிப்புச் செய்தது: இனி இளையோர் அணிகள் பள்ளியாண்டைப் பின்பற்றாமல் நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றும். சனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஓர் அணி. எட்டு வயதில் பதினொரு மாதம் என்பது சின்ன இடைவெளியன்று. அது ஒரு சாண் உயரம், ஒரு கெஜம் வேகம். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறிக் குவிந்திருந்தார்கள். சின்ன வயதில் கொஞ்சம் பெரியவனாக இருப்பவன் திறமைசாலியாகத் தெரிகிறான். தெரிவதால் நல்ல அணியில் சேர்க்கப்படுகிறான். சேர்ந்ததால் கூடுதல் பயிற்சி பெற்று மெய்யாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். சோதிடர்கள் கவனிக்கத் தவறிய கிரகபலன் இது.

எங்கள் பையன்கள் இருவரும் ஆண்டின் வாலில் பிறந்தவர்கள். அணியில் எப்போதும் சிறியவர்கள் அவர்கள்தாம். ஆனாலும் விடவில்லை. 2022இல், பதினொருவர் ஆடும் முழு ஆடுகளத்துக்கு அவர்கள் வயதினர் மாறியபோது, இருவரும் முதல் அணிக்கு உயர்ந்திருந்தார்கள்.

அதன்பின் வந்தது மெய்யான சிக்கல். பள்ளிக்கூடம் நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுவதில்லை. அவர்கள் ஊரில் அக்டோபருக்குப் பின் பிறந்தவன் அடுத்த வகுப்பு. ஆகவே 2024 செப்டம்பரில் அணித் தோழர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஆடத் தொடங்கிவிட்டார்கள். நியூ ஜெர்சியில் பள்ளிக் கால்பந்து இலையுதிர் காலத்தில் நடக்கிறது. அந்த வயதுக்கான க்ளப் அணிகள் அப்போது கடையைச் சாத்திவிடும். எட்டாம் வகுப்பிலேயே நின்றுபோன இவர்கள் இருவருக்கும் க்ளப்பும் இல்லை, பள்ளியும் இல்லை. இப்படிப்பட்டவர்களைக் குறிக்க அங்கே ஒரு சொல்லே இருக்கிறது: 'டிராப்டு பிளேயர்', பொறியில் சிக்கிய ஆட்டக்காரன். இத்தகைய குழப்பங்களின் காரணமாக, 2026-27 பருவத்திலிருந்து வயதுக் கணக்கு ஆகஸ்டு முதல் சூலை வரை என்று மாற்றப்படுவதாக மூன்று பெரிய அமைப்புகள் 2025இல் அறிவித்தன. இவர்களுக்கு அது பிந்திப்போன மருந்து.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் இரண்டு பையன்களும் ஊர்ப் பூங்காவில் தனியாக ஆடினார்கள் என்று தங்கை தொலைபேசியில் சொல்வாள். "ரெண்டு பேரு, ஒரு பந்து, ஒரு செவுரு, அண்ணே. இருட்டினாலும் வர மாட்டேங்குறானுக." மற்ற ஆண்டுகளைக் காட்டிலும் அந்த ஆண்டுதான் அவர்கள் ஆட்டம் தேறியது என்பது மாப்பிள்ளையின் கருத்து. அந்தப் பருவத்தில் மட்டும் அவர் கணக்குப் புத்தகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

இதற்கு வேறொரு விலையும் இருந்தது. தங்கை குடும்பம் 2019க்குப் பின் ஊருக்கு வந்தது ஒரே முறை, 2022 டிசம்பரில், பன்னிரண்டு நாள். கொரோனா ஆண்டுகளைக் கழித்துவிட்டாலும் மற்ற ஆண்டுகளில் மேயில் தேர்வு, சூனில் போட்டி, சூலையில் முகாம், ஆகஸ்டில் பருவத் தொடக்கம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் அம்மா, பேரனைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையில் பந்தின் பின்னால் ஓடும் சிற்றுருவமாகவே பார்த்தார். "இதுல எதும்மா எம் பேரன்?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆட்டங்களும் ஞாயிறு, தமிழும் ஞாயிறு. தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை இப்படியா என்று உறவினர் எங்களிடமே குறைப்பட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு அதில் வருத்தமுண்டு, கோபமில்லை. ஒரு குழந்தை தானாக விரும்பி ஒன்றின்மேல் உயிரை வைப்பது அரிது. வகுப்பில் முப்பதாண்டாக, மன்னிக்கவும், இருபதாண்டாக நாங்கள் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான்.

இத்தனையும் எதற்காக என்று கேட்டால், கல்லூரி உதவித்தொகை என்று சில பெற்றோர் சொல்வார்கள். 2025 வரை இருந்த விதிப்படி, முதல்நிலைக் கல்லூரி ஒன்றின் ஆடவர் கால்பந்து அணி முழுவதற்கும் 9.9 உதவித்தொகைகள்தாம்; அந்த ஒன்பதே முக்காலே சொச்சத்தை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். எங்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைக் குழுவில் சான்றிதழ்களைப் புரட்டிய அனுபவம் உண்டாகையால், அந்த நம்பிக்கையின் எடை எங்களுக்குத் தெரியும். தங்கை வீட்டில் அந்தக் கனவு இல்லை. பையன் விரும்பியது ஒன்றே ஒன்று: பள்ளி அணி.

க்ளப் சட்டையில் க்ளப்பின் சின்னமும் ஒரு வணிகப் பெயரும் இருக்கும். பள்ளிச் சட்டையில் ஊர்ப்பெயர் இருக்கும். வகுப்புத் தோழர்கள் பார்க்க வருவார்கள். மஞ்சள் பேருந்தில் எல்லோரும் சேர்ந்து போவார்கள்; எந்தத் தகப்பனும் கார் ஓட்ட வேண்டியதில்லை. பயிற்சியாளர் அந்தப் பள்ளியிலேயே வரலாறு நடத்துகிற ஆசிரியர் என்று கேட்டபோது எங்களுக்கு இனம் புரியாத மகிழ்ச்சி. உயர்தர க்ளப்புகளுக்கு இந்தப் பள்ளி ஆட்டம் பிடிப்பதில்லை. கூட்டமைப்பு 2007இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி, 2012 முதல் தன் வீரர்கள் பள்ளிக்கு ஆடக்கூடாது என்று தடுத்தது. 2020 ஏப்ரலில் அதுவே மூடப்பட்டது. ஆட்டத்தின் தரம் பள்ளியில் குறைவு என்பது அவர்கள் வாதம், உண்மையாகவும் இருக்கலாம். இருந்தும் நாடு முழுவதும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்கள் பள்ளிக்கு ஆடுகிறார்கள். தரத்துக்காக மட்டும் யாரும் பதினான்கு வயதில் பந்து உதைப்பதில்லை.

2025 ஆகஸ்டின் மூன்றாம் வாரத்தில் மூன்று நாள் தேர்வு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மட்டும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களிலிருந்து எடுக்கப்போவது இருபத்திரண்டு பேர். மருமகனுக்கு எண் 41, நண்பனுக்கு 38. எட்டு வயதில் குத்திய அதே மாதிரி அட்டை.

முதல் நாள் ஓட்டம். பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று பார்ப்பது. கென்னத் கூப்பர் என்ற மருத்துவர் 1968இல் அமெரிக்க விமானப்படைக்காக வகுத்த சோதனை இது. இன்று பள்ளிப் பிள்ளைகளின் நெஞ்சில் புளி கரைக்கிறது. நண்பன் முன்வரிசையில் வந்தான், மருமகன் நடுவில். இரண்டாம் நாள் சிறு சிறு அணிகளாக ஆட்டம். பெற்றோர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். நாங்களும் நின்றோம். நண்பனின் கால்களில் பந்து பழகிய நாய்க்குட்டி போல ஒட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டறியாத எங்கள் கண்ணுக்கே அது தெரிந்தது. மூன்றாம் நாள் முழு ஆடுகளம். அங்கேதான் மற்றொன்றும் தெரிந்தது. மருமகன் அந்த ஓராண்டில் நான்கு அங்குலம் வளர்ந்திருந்தான். க்ளப்பில் எப்போதும் இளையவனாக இருந்தவன், பள்ளி வகுப்பில் மூத்தவர்களில் ஒருவன். உயரமாக வரும் பந்துகளைத் தலையால் வெட்டினான், மோதியவர்கள் விழுந்தார்கள். நண்பனுக்கு அந்த வளர்ச்சி இன்னும் வரவில்லை. மோதியபோதெல்லாம் விழுந்தவன் அவன்.

அன்றிரவு எட்டு மணிக்குப் பட்டியல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் படித்த காலத்தில் பி.டி. வாத்தியார் காலைக் கூட்டத்தில் பெயர்களை வாசிப்பார், வாசித்து முடித்ததும் மணியடிக்கும், வருத்தப்படக்கூட நேரமிராது. இங்கே பெயரில்லை. எண்கள் மட்டும், ஏறுவரிசையில், பள்ளியின் இணையப் பக்கத்தில். தங்கை முந்திரி வறுத்துக் கேசரி கிண்டி வைத்திருந்தாள். மருமகன் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். 8.04க்கு வந்தது. 33, 35, 36, 40, 41.

தங்கை ஒரு சத்தம் போட்டாள். மாப்பிள்ளை எழுந்து வந்து பையனின் தோளைப் பிடித்தார். அவன் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. விரலைத் திரையில் வைத்து மேலும் கீழுமாக இரண்டு தடவை நகர்த்தினான். "முப்பத்தெட்டு இல்ல" என்றான். பிறகு எங்களைப் பார்த்து, அவனுக்கு வருகிற அந்த மழலைத் தமிழில், "அவன் என்னைவிட நல்லா ஆடுவான், மாமா. நீங்க பாத்தீங்கல்ல, அத்தை?" என்று கேட்டான். பார்த்தோம். பார்த்தோம் என்றே சொன்னோம்.

கேசரியை யாரும் தொடவில்லை. நண்பன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதா வேண்டாமா என்று அந்த இரவு முழுவதும் விவாதம். பேசினால் வெற்றிக்களிப்பு போலிருக்கும். பேசாவிட்டால் ஒதுக்கியது போலிருக்கும். "நாம யாரு, அவனைத் தள்ளுனவங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "ஆறு வருசமா நம்ம கார்ல வந்த பிள்ளை. என்ன மதினி சொல்றது அவுங்கம்மாகிட்ட?" என்று தங்கை திரும்பத் திரும்பக் கேட்டாள். துக்கவீட்டுக்குப் போவதற்கு நம்மிடம் முறை இருக்கிறது; என்ன பேசாமலிருக்க வேண்டும் என்பது உட்பட எல்லாம் வகுத்து வைத்திருக்கிறோம். நம் பிள்ளை ஏறிய படியில் அடுத்த வீட்டுப் பிள்ளை சறுக்கினால் என்ன முறை செய்வது என்பதற்கு எந்த ஊரிலும் வழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை நண்பனின் தந்தையே வந்தார். வேலைக்குப் போகிற வழி. வண்டியின் பக்கவாட்டில் ஏணி கட்டியிருந்தது. மருமகனின் தண்ணீர்ப் போத்தலையும் முட்டிக்கீழ் காப்பையும் கையில் வைத்திருந்தார். முந்தைய நாள் அவர் காரில் விட்டவை. அவற்றைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி, பையனுக்குத் தன் வாழ்த்தைச் சொல்லுமாறு கூறினார். காப்பி குடிக்கிறீர்களா என்று தங்கை கேட்டாள். நேரமில்லை என்றார். போகத் திரும்பியவர் நின்று, "என் பையன் நேற்றிரவு சாப்பிட்டுவிட்டான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். யாரும் கேட்காத கேள்விக்கு அவர் விடை சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. மருமகன் மாடிச் சன்னலில் நின்றுகொண்டிருந்தான், இறங்கி வரவில்லை.

தேர்வு செய்த ஆசிரியர்மீது எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. மூன்று நாளில் அறுபது பிள்ளைகளைப் பார்த்து இருபத்திரண்டு எடுக்க வேண்டியவருக்கு, நாளை வளரப்போகிற உயரத்தை எந்த அட்டைப்பலகையில் குறிப்பது? நுழைவுத் தேர்வும் மதிப்பெண் பட்டியலுமாக நாங்கள் செய்கிற வேலையும் பெரிதாக வேறுபட்டதன்று. ஆனால் ஒன்று. ஆறாண்டு ஒரு பிள்ளையைச் சிறியவன் என்று பின்னுக்குத் தள்ளிய காலண்டர், ஏழாம் ஆண்டில் அவனைப் பெரியவனாக்கித் தூக்கிவிடுகிறது. அவனோடு ஒரே மாதக் கணக்கில் பிறந்தவனை எலும்பு வளரும் வேகம் கீழே விடுகிறது. இதை யாரும் அதிர்ஷ்டம் என்று அங்கே சொல்வதில்லை. 'தகுதி' என்றே சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் அதை நம்பவில்லை.

செப்டம்பரில் நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம் பள்ளி மைதானத்தில் முதல் ஆட்டத்தைப் பார்த்தோம். ஊர்ப்பெயர் பொறித்த சட்டையில் மருமகன் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில் அமர்ந்திருந்தான். நண்பன் இதற்குள் 'க்ராஸ் கன்ட்ரி' எனப்படும் நெடுந்தூர ஓட்ட அணியில் சேர்ந்திருந்தான். அந்தப் பள்ளியில் அதற்குத் தேர்வு கிடையாது, வருகிறவர் எல்லோரும் ஓடலாம். அவர்களின் பயிற்சித் தடம் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டாம் பாதியில் ஓட்டக்காரர்கள் வேலியோரமாக வந்தார்கள். முன்னால் வந்த நால்வரில் அவன் ஒருவன். மருமகன் எழுந்து நின்றான். என்ன சைகை செய்தான் என்று எங்கள் இடத்திலிருந்து தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் திரும்பாமலே ஒரு கையை மட்டும் உயர்த்தினான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மருமகனைக் களத்தில் இறக்கினார்கள். அந்தக் காணொளியை ஊருக்கு அனுப்பினோம். அம்மா இந்தத் தடவை கேட்கவில்லை; எட்டாம் எண் தன் பேரன் என்று தானே கண்டுபிடித்துவிட்டார்.

பள்ளிப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் முடிந்து, க்ளப் பயிற்சி மறுபடி தொடங்கியது. இருவரும் அதே பழைய அணி. எப்படிப் போகிறது என்று தங்கையிடம் கேட்டோம். அவள் சமைத்துக்கொண்டிருந்தாள், பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. "கதவுல புது அட்டவணை ஒட்டியிருக்காரு உங்க மாப்பிள்ளை. செவ்வாக்கிழமை கூட்டிட்டுப் போறது நாங்க, அண்ணே. கூட்டிட்டு வாறது அவுங்க" என்றாள்.